நல்லவர்களின் நோய்: கிறிஸ்தவ மரபில் இறுமாப்பும் தாழ்மையும்



எகிப்தில் ஸ்கேத்தே என்றொரு பாலைவனம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நூற்றுக்கணக்கான துறவிகள் ஆளுக்கொரு குடிலில் வாழ்ந்தார்கள். அவர்களோடு சில காலம் தங்கியிருந்த ஜான் காசியன் ஒரு சம்பவத்தை எழுதிவைத்திருக்கிறார். முதியவர் ஒருவர் இளந்துறவி ஒருவனைப் பார்க்கப் போகிறார். குடிலுக்கு உள்ளே பேச்சுக் குரல் கேட்கிறது. வேதம் வாசிக்கிறான் போலும், கெடுக்க வேண்டாம் என்று வாசலிலேயே நிற்கிறார். கவனித்துக் கேட்டால் அது வாசிப்பு இல்லை, பிரசங்கம். எதிரே பெரிய சபை உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தோடு வெளுத்து வாங்குகிறான். பிரசங்கம் முடிந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி, ஞானஸ்நானம் பெறாதவர்களைப் பிரசங்கத்துக்குப் பிறகு வெளியே அனுப்பிவைப்பது திருத்தொண்டரின் வேலை. இவன் அந்த வேடத்தையும் தானே கட்டி, இல்லாத கூட்டத்தை எழுப்பி அனுப்புகிறான். அதுவரை பொறுத்திருந்துவிட்டு முதியவர் கதவைத் தட்டினார். திறந்தவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. எப்போது வந்தீர்கள், வெகு நேரம் நிற்கிறீர்களா என்று தடுமாறினான். நீ மக்களை அனுப்பிவைத்தாயே, அப்போதுதான் வந்தேன் என்றாராம் பெரியவர்.

மேடையேறிப் பேசுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டிய கதை இது. நான் இன்று காலை நினைத்துப் பார்த்தேன்.

அந்த இளைஞனைக் கண்டு சிரித்துவிட்டுப் போக முடியாது. அவன் வீட்டை விட்டான், சொத்தை விட்டான், உறவை விட்டான். உப்பும் ரொட்டியுமாகக் காலம் தள்ளினான். ஈ காக்கை இல்லாத இடத்தில் போய்க் குடியிருந்தான். அவ்வளவையும் விட்ட பிறகு, விட்டவனுடைய மனம் தனக்கு ஒரு கூட்டத்தைத் தானே சேர்த்துக்கொண்டது. காசியனும் அவருக்கு முன்னால் வந்த பாலைவனத்துப் பெரியவர்களும் கண்டுபிடித்த உண்மை இதுதான்: இறுமாப்பு கெட்டவர்களைவிட நல்லவர்களையே தேடிப் பிடிக்கிறது. அதுவும் அவர்களுடைய நன்மை வழியாகவே உள்ளே நுழைகிறது. இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இதன் விரிவுதான்.

இந்தக் கண்டுபிடிப்பை முதலில் வரிசைப்படுத்தி எழுதியவர் எவாகிரியுஸ். கான்ஸ்டாண்டிநோப்பிளில் பேச்சுத் திறமையால் பெயர் வாங்கிய திருத்தொண்டர். ஒரு காதல் சிக்கலில் மாட்டி ஊரை விட்டு ஓடி, எருசலேம் வழியாக எகிப்துப் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தார். 399இல் அங்கேயே இறந்தார். துறவியைத் தாக்கும் தீய நினைவுகள் எட்டு என்று கணக்கிட்டார். போசனப்பிரியம் முதலாவது. பிறகு மோகம், பொருளாசை, துயரம், கோபம், சலிப்பு. ஏழாவது வீண்பெருமை, எட்டாவது இறுமாப்பு. கடைசி இரண்டையும் அவர் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற ஆறும் தோற்று ஓடும்போது, அந்த வெற்றியையே தீனியாகத் தின்று வளர்பவை இவை. வீண்பெருமை பிடித்த துறவியின் மனதுக்குள் ஓடும் படத்தை எவாகிரியுஸ் விவரிப்பது பார்க்கவேண்டிய வேடிக்கை. தன் கை பட்டு நோயாளிகள் குணமாகிறார்கள், வாசலில் கூட்டம் காத்து நிற்கிறது, தன்னைக் குருவாக்க வருகிறார்கள், இவன் மறுக்கிறான், கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். மறுப்பதுகூட அந்தக் கனவில் ஒரு காட்சி! காசியனும் இதை அறிந்தவர். துறவி பெண்ணிடமிருந்து மட்டும் ஓடினால் போதாது, ஆயரிடமிருந்தும் ஓட வேண்டும் என்று பழைய பெரியவர்கள் சொன்னதாக எழுதுகிறார். ஆயர் கையில் சிக்கினால் குருப்பட்டம் கொடுத்துவிடுவாரே.

காசியன் வீண்பெருமைக்குச் சொன்ன உவமை வெங்காயம். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொன்று. நல்ல உடை உடுத்திப் பெருமைப்பட்டவன் அதை விட்டுவிட்டால், கந்தை உடுத்தியதில் பெருமைப்படுவான். பேச்சால் பெயர் வாங்கியவன் வாயை மூடினால், மௌனத்தால் பெயர் வாங்குவான். நோன்பைப் பிறர் அறியச் செய்தவன் ஒளித்துச் செய்யத் தொடங்கினால், ஒளித்துச் செய்வதை எண்ணித் தனக்குத் தானே தலையாட்டிக்கொள்வான். பிற பாவங்களுக்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று உண்டு, அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளலாம். இதற்கு எதிர்ப்பக்கமே இல்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கே முன்கூட்டியே போய் உட்கார்ந்திருக்கிறது.

இந்த எட்டும் பிறகு போப்பாண்டவர் பெரிய கிரகோரியார் கையில் மாறின. அவர் இறுமாப்பைப் பட்டியலில் ஒன்றாக வைக்காமல் எல்லாவற்றுக்கும் வேராக, அரசியாக, தனியே எடுத்துவைத்தார். நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் பாட்டிமார் சின்னக் குறிப்பிடம் என்ற ஞானோபதேச நூலை ஒப்பிக்கச் சொல்லும்போது தலையான பாவங்கள் ஏழு என்று தொடங்கி, அகங்காரத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போவார்கள். பாலைவனத்தில் கடைசியாக இருந்தது ஞானோபதேச வகுப்பில் முதலாவதாக வந்து உட்கார்ந்த கதை இதுதான். அகுஸ்தினார் காரணத்தை இன்னும் கூர்மையாகச் சொல்வார். சாத்தானுக்கு உடம்பு கிடையாது. அவன் தின்று கெட்டவனில்லை, குடித்துக் கெட்டவனில்லை, பெண்ணாசையால் கெட்டவனுமில்லை. அவனை வீழ்த்தியது இது ஒன்றுதான்.

இந்தச் சிந்தனை எங்கே, எந்த மண்ணில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். பிலிப்பி என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். மாசிடோனியாவில் இருந்த ஊர். கி.மு. 42இல் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியுஸும் தோற்று மடிந்த போர்க்களம் அதன் அருகில்தான். போர் முடிந்த பிறகு ரோமானியப் படைவீரர்களுக்கு அங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். ரோமாபுரிக்கு வெளியே ஒரு குட்டி ரோமாபுரி. அங்கே கிடைத்திருக்கும் கல்வெட்டுகளில் ஒரு மனிதன் பெயரைத் தொடர்ந்து அவன் வகித்த பதவிகள், பெற்ற பட்டங்கள், படையில் ஏறிய படிகள் எல்லாம் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். பெரிய மனிதர்கள் மட்டுமல்ல, சின்னஞ்சிறு வழிபாட்டுக் குழுக்களில் பொறுப்பு வகித்தவர்களும் அப்படியே பொறித்துவைத்தார்கள். நம் ஊரில் ஃபிளெக்ஸ் பேனர் வைப்பவர்களுக்கு அவர்கள் கல்லில் வெட்டிய அண்ணன்மார்.

அந்த ஊர்ச் சபைக்குத்தான் பவுல் சிறையிலிருந்து கடிதம் எழுதுகிறார். அதன் இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்துவைப் பற்றி வரும் பகுதியை அவர்கள் காதால் கேட்க வேண்டும். கல்வெட்டில் மனிதர்கள் படி ஏறுவார்கள். இங்கே ஒருவர் படி இறங்குகிறார். கடவுளின் நிலையில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி அடிமையின் நிலைக்கு வருகிறார், அங்கிருந்து சாவுக்கு, அதிலும் சிலுவைச் சாவுக்கு. சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. ரோமானியக் குடிமகன் பெயரோடு அதைச் சேர்த்துப் பேசுவதே கேவலம். பிலிப்பிக்காரன் கல்லில் வெட்டவே வெட்கப்படும் வரிசையைப் பவுல் வழிபாட்டுப் பாடலாக்கிக் கொடுக்கிறார். அடுத்த அதிகாரத்தில் தன்னுடைய பட்டியலையும் எடுத்துப் போடுகிறார்: எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், சட்டத்தில் பரிசேயன், குற்றம் சொல்ல இடமில்லாத ஒழுக்கம். அத்தனையும் குப்பைக் கணக்கில் போகிறது. அதில் பொய்ப் பெருமை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் உண்மையான தகுதிகள். அதனால்தான் அவற்றைக் கீழே போட வேண்டியிருந்தது.

படித்தவர்களுக்கு இது எவ்வளவு கசந்தது என்பதற்கு அகுஸ்தினார் தம் வாழ்க்கை வரலாற்றின் எட்டாம் புத்தகத்தில் ஒரு கதை சொல்கிறார். மாரியுஸ் விக்தொரீனுஸ் நான்காம் நூற்றாண்டு ரோமாபுரியில் பேச்சுக்கலைப் பேராசிரியர். செனட்டர்களுக்குப் பாடம் சொன்னவர். உயிரோடிருக்கும்போதே ஊர் நடுவில் சிலை வைக்கப்பட்டவர். வயதான காலத்தில் கிறிஸ்தவ நூல்களைப் படித்து மனம் மாறினார். சிம்பிளிசியானுஸ் என்ற நண்பரிடம் ரகசியமாக, நானும் இப்போது கிறிஸ்தவன்தான் என்பார். கோயிலுக்குள் பார்த்தால்தான் நம்புவேன் என்பார் நண்பர். அப்படியானால் மனிதனைக் கிறிஸ்தவனாக்குவது சுவரா என்று விக்தொரீனுஸ் கிண்டலடிப்பார். இது அடிக்கடி நடந்தது. அழகான பதில், தர்க்கத்தில் பிழையே கிடையாது. உண்மைக் காரணம் வேறு: செல்வாக்கான நண்பர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். ஒருநாள் திடீரென்று வந்து, வாருங்கள் கோயிலுக்குப் போவோம் என்றார். ஞானஸ்நானத்துக்கு முன் உயரமான இடத்தில் நின்று விசுவாசத்தை எல்லார் முன்னும் அறிக்கையிட வேண்டும். கூச்சப்படுகிறவர்களுக்குத் தனியே செய்துகொள்ளச் சலுகை உண்டு. குருக்கள் அவருக்கும் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். பேச்சுக்கலையைப் பொது இடத்தில்தானே கற்பித்தேன் என்பது அவர் கணக்கு. அவர் மேலேறியதும் எல்லாரும் அவர் பெயரைச் சொல்லி முணுமுணுத்தார்களாம். அந்தச் சுவருக்குள் போய் நிற்பதுதான் அவருடைய சிகிச்சை. சுவரா கிறிஸ்தவனாக்குகிறது என்ற கேள்விக்கு, அவர் விஷயத்தில், ஆம் என்பதே பதில்.

இங்கிருந்து நான் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். தாழ்மையை மனதுக்குள் முயன்று வரவழைக்க முடியாது. முயல்கிறவன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று அளந்து பார்ப்பான். அளந்த நொடியில் போயிற்று. அப்படியானால் என்ன செய்வது? பழைய மடங்கள் அதற்கு ஒரு விடை வைத்திருந்தன. உணர்ச்சியை நம்பவில்லை, ஏற்பாட்டை நம்பின. யார் எங்கே உட்காருவது, யார் பாத்திரம் கழுவுவது, யாரிடம் கருத்துக் கேட்பது என்று ஒழுங்கு செய்துவைத்தன.

இதில் கைதேர்ந்தவர் பெனடிக்ட். நம் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று பெயர் சூட்டி வணங்குபவர். ரோமாபுரிக்குத் தெற்கே மோன்தே காசினோ மலையில் ஆறாம் நூற்றாண்டில் மடம் அமைத்து, 73 அதிகாரங்களில் ஒழுங்குநூல் எழுதினார். அதன் ஏழாம் அதிகாரத்தில் வரும் தாழ்மையின் பன்னிரண்டு படிகள்தான் பிரபலம். பேராசிரியர்கள் எல்லாரும் அதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு மற்ற அதிகாரங்களில்தான் சுவை அதிகம்.

வரிசை என்று எடுத்துக்கொண்டால் மடத்துக்குள் வந்த நேரப்படிதான் வரிசை. பகலின் முதல் மணியில் வந்தவன் மூத்தவன், இரண்டாம் மணியில் வந்தவன் இளையவன். வயதோ குலமோ பதவியோ கணக்கில் வராது. அடிமையாக இருந்து வந்தவன் முன்னால் நிற்பான், பிரபு குடும்பத்துப் பிள்ளை பின்னால் நிற்பான். வாழ்க்கை ஒழுக்கத்தைப் பார்த்து ஒருவனை உயர்த்தத் தலைவருக்கு உரிமை உண்டு. சுதந்திரனாய்ப் பிறந்தான் என்பதற்காக அடிமையாய் வந்தவனுக்கு முன் நிறுத்தக் கூடாது. குரு ஒருவர் மடத்தில் சேர வந்தால் சலுகை எதிர்பார்க்கக் கூடாது. சமையலறை வேலை வாரத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து வரும்; நோயும் மிக அவசியமான பணியும் தவிர விலக்கு இல்லை. வாரம் முடியும் சனிக்கிழமை, கை கால் துடைத்த துண்டுகளைத் துவைத்துப் போட வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் பொருட்காப்பாளரிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். வெளியேறுபவரும் புதிதாக ஏற்பவருமாக எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாதம் கழுவுவது பெரிய வியாழனோடு முடிந்துபோகிற சங்கதி இல்லை, பாத்திரம் ஒப்படைப்பதோடு சேர்ந்த வாராந்தர வேலை.

தொழில் தெரிந்தவர்கள் பற்றியும் ஒரு விதி உண்டு. தச்சனோ கொல்லனோ தன் கைத்திறனால்தான் மடம் பிழைக்கிறது என்று நினைக்கத் தொடங்கினால் அந்த வேலையிலிருந்து அவனை எடுத்துவிட வேண்டும். மடத்துக்கு நட்டம்தான். இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் உரக்க வாசிக்கும் பொறுப்பு ஒருவருக்கு ஒரு வாரம் வரும். ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லாரிடமும், வாசிக்கிற பெருமை தலைக்கேறாதிருக்க எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பெரிய காரியம் ஒன்றில் முடிவெடுக்க வேண்டுமானால் தலைவர் எல்லாரையும் கூப்பிட வேண்டும், இளையவர்களையும் சேர்த்து. நல்லது எது என்று கடவுள் பல நேரம் இளையவனுக்குத்தான் காட்டுகிறார் என்பது காரணம். வெளியூர்த் துறவி ஒருவர் விருந்தாளியாகத் தங்கி நியாயமாக ஒரு குறை சொன்னால், அதைச் சொல்வதற்கென்றே ஆண்டவர் அவரை அனுப்பினாரோ என்று தலைவர் யோசிக்க வேண்டும். விருந்தினரில் ஏழைகளைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்; பணக்காரர்களுக்கு மரியாதையை அவர்கள்மேல் உள்ள பயமே வாங்கிக் கொடுத்துவிடும் என்கிறார். இந்த ஒரு குறிப்பில் மனிதரை எவ்வளவு படித்திருக்கிறார்!

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் நடுவில் மனம் என்ன செய்தது? கிரகோரியார் எழுதிய பெனடிக்ட் வரலாற்றில் ஒரு காட்சி. மாலை நேரம். பெனடிக்ட் சாப்பிடுகிறார். அதிகாரி ஒருவரின் மகனாகிய இளந்துறவி மேசை அருகே விளக்குப் பிடித்து நிற்கிறான். வாய் திறக்கவில்லை. உள்ளுக்குள், இந்த ஆள் யார், இவர் தின்ன நான் விளக்குப் பிடிக்க வேண்டுமா என்று ஓடுகிறது. பெனடிக்ட் உடனே நிமிர்ந்து, தம்பி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள், என்ன பேசுகிறாய் என்று அதட்டினார். வேறு சகோதரர்களைக் கூப்பிட்டு விளக்கை அவன் கையிலிருந்து வாங்கச் சொன்னார். அவனைப் போய் உட்காரச் சொன்னார். பிறகு அவனே தன் நினைவை மற்றவர்களிடம் ஒப்புக்கொண்டான். பெனடிக்ட் மனதைப் படித்த அற்புதமாகக் கிரகோரியார் இதைச் சொல்கிறார். எனக்கு அற்புதத்தைவிட அந்த விளக்குத்தான் முக்கியமாகப் படுகிறது. விளக்குப் பிடிக்கும் வேலை இல்லாதிருந்தால் அந்த நினைவு அவன் உள்ளே இருந்ததே அவனுக்குத் தெரிந்திராது.

ஏற்பாடு தேய்ந்து சடங்கு மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் சாட்சி வைத்திருக்கிறது. கான்ஸ்டாண்டிநோப்பிள் தலைமை ஆயர் யோவான், கடும் நோன்பினால் நோன்பாளர் என்றே பெயர் பெற்றவர். அவர்தான் உலகப் பொது மறைத்தந்தை என்ற பட்டத்தை விடாமல் பயன்படுத்தினார். நோன்பும் பட்டமும் ஒரே ஆளிடம்! 590இல் போப்பாண்டவரான கிரகோரியார் அதைக் கண்டித்துக் கடிதம்மேல் கடிதம் எழுதினார்; தம்மைக் கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன் என்று குறித்துக்கொண்டார். அலெக்சாந்திரியாவின் ஆயர் மரியாதைக்காக அவரைப் பொதுப் போப்பாண்டவர் என்று விளித்தபோது, அப்படி எழுதாதீர்கள், சகோதரர்களுடைய மதிப்பைக் குறைத்து எனக்கு வரும் மதிப்பு மதிப்பாகாது என்ற கருத்தில் பதில் எழுதினார். நேர்மையான மனிதர். ஆனால் அவர் விட்டுப்போன அந்த ஊழியன் என்ற பெயரே பிறகு பட்டமாகிவிட்டது. 1077 ஜனவரியில் கனோசாக் கோட்டை வாசலில் ஜெர்மானிய மன்னன் நான்காம் ஹென்றியைப் பனியில் வெறுங்காலோடு மூன்று நாள் காக்கவைத்த போப்பாண்டவர் ஏழாம் கிரகோரியும் தம் கடிதங்களில் அதே பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

அரண்மனைக் கதை ஒன்றும் உண்டு. 1573ஆம் ஆண்டுப் பெரிய வியாழனன்று இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணி கிரீனிச் அரண்மனையில் ஏழைப் பெண்கள் 39 பேருக்குப் பாதம் கழுவினார். ராணிக்கு அப்போது வயது 39. நேரில் கண்டதை ஒருவர் குறித்துவைத்திருக்கிறார். முதலில் அரண்மனைச் சலவைப் பணியாளர் வெள்ளிப் பாத்திரத்தில் வெந்நீரும் வாசனைப் பூக்களும் கொண்டுவந்து எல்லாப் பாதங்களையும் கழுவித் துடைத்தார். பிறகு துணைத் தர்ம அதிகாரி இன்னொருமுறை. பிறகு தர்ம அதிகாரி மூன்றாம் முறை. அதன் பிறகே ராணி வந்து, மெத்தைமேல் மண்டியிட்டு, நான்காம் முறையாகக் கழுவினார். யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் புழுதி படிந்த பாதங்களின் கதை இருக்கிறது. இங்கே பாதத்தில் புழுதி இருக்கக் கூடாது என்பதற்கே மூன்று பேர்.

அந்த அதிகாரத்தில் பேதுரு நடந்துகொண்டதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஆண்டவர் தன் காலைக் கழுவுவதா என்று அவர் மறுத்தது பணிவு போலத் தெரியும். தலைவர் கீழே குனிந்தால் நாளைக்குத் தானும் குனிய வேண்டிவரும் என்பது அவர் உள்ளுக்குள் இருந்ததோ என்னவோ. பிறர் செய்வதை வாங்கிக்கொள்ளத் தெரியாததும் இறுமாப்பின் ஒரு வகை. நம் ஊர்ப் பெரிய மனிதர்களிடம் அது நிறைய.

மாணவிகள் சிலர் இந்நேரம் மனதுக்குள் ஒரு கேள்வியை வைத்திருப்பீர்கள். தாழ்மை தாழ்மை என்று போதித்தே எத்தனை பேரைத் தாழ்த்திவைத்தார்கள் என்று. நியாயமான கேள்வி. 1807இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கதையை அதில் எடுத்துவிட்டார்கள். வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பகுதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். 1960இல் வலேரி சேவிங் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். இறுமாப்பே மூலப் பாவம் என்று எழுதிய இறையியலாளர்கள் எல்லாரும் ஆண்கள். தங்கள் நோயை மனித குலத்தின் நோய் என்று எழுதிவிட்டார்கள். பெண்ணுக்கு வரும் சோதனை பெரும்பாலும் தன்னையே இல்லாமல் கரைத்துக்கொள்வது என்றார். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்றே நினைக்கிறேன்.

ஆனால் மரபின் மேலான பக்கம் இதற்கு ஏற்கெனவே இடம் வைத்திருக்கிறது. பிலிப்பியர் கடிதம் படிகளில் ஏறியவர்களை இறங்கச் சொல்கிறது. ஏற்கெனவே தரையில் கிடப்பவனை இன்னும் கீழே போ என்று சொல்லவில்லை. மரியாள் பாடியதாக லூக்கா எழுதும் பாட்டில் அரியணையில் இருப்பவர் இறங்குகிறார்கள், தாழ்ந்தோர் ஏறுகிறார்கள். பெனடிக்ட் விதி போட்டது தலைவருக்கும் கைத்திறன் உள்ளவனுக்கும் பிரபு வீட்டுப் பிள்ளைக்கும். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் அவிலா தெரேசா, தாழ்மை என்றால் உண்மையில் நடப்பது என்ற கருத்தை எழுதினார். உண்மையில் நடப்பது என்றால் தன்னிடம் இருப்பதை இல்லை என்று சொல்வதும் தவறு. குலப்பெருமை பைத்தியமாகப் பிடித்திருந்த நாடு அது. அவரோ மதம் மாறிய யூதக் குடும்பத்தில் வந்தவர். முதலில் இருந்த பெரிய மடத்தில் செல்வக் குடும்பத்துப் பெண்கள் பட்டப் பெயரோடும் தனி அறைகளோடும் வாழ்ந்ததைப் பார்த்தவர், 1562இல் தாம் தொடங்கிய சிறு மடத்தில் அந்தப் பட்டங்களை உள்ளே விடவில்லை. இங்கேயும் ஏற்பாடுதான்.

கடைசியாக நம் நாட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் போனால் எகிப்துக்கும் இத்தாலிக்கும் போய்வந்ததில் பயனில்லை. 1606இல் மதுரைக்கு வந்த மிஷனரி ராபர்ட் தெ நொபிலியின் வழிமுறைகளை 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி ஆணையிட்டு அனுமதித்தார். அந்த ஆணையில் பூணூலும் சந்தனமும் அனுமதிக்கப்பட்டதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். குலத்தால் உயர்ந்தவர்கள் எளியவர்களை இகழக் கூடாது, அதுவும் தேவ வார்த்தை கேட்கும் இடத்திலும் திருவருட்சாதனங்களிலும் கூடாது என்று அதே ஆணையில் கெஞ்சிக் கேட்டிருப்பதை மறந்துவிட்டோம். இரண்டரை நூற்றாண்டு கழித்து வடக்கன்குளத்தில் எழுந்த கோயில், பீடத்தில் சேர்ந்து இரு கால்களாகப் பிரியும் அமைப்பில் கட்டப்பட்டது. ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் இன்னொன்று, நடுவில் தடுப்பு. சீர்திருத்தச் சபைகளும் இதில் இளைத்தவை அல்ல. உட்காரும் பாய் வேறு, திருவிருந்துக் கிண்ணத்தில் முன்னால் பருகுகிறவர் வேறு என்று இருந்தது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாடு சபைக்குள் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையையே விட்டு வெளியேறினார்கள். சாதி வழக்கத்துக்காக மிஷனரிகளோடு வாதாடி எழுதியவர்களில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய பக்தியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை; அவர் பாடல்களைப் பாடித்தான் நாம் வளர்ந்தோம். பக்தியும் செருக்கும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதை ஸ்கேத்தே பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். மிஷனரிகளில் பலர் தமிழனின் சாதியைக் கண்ட அளவுக்குத் தங்கள் வெள்ளைத் தோலின் செருக்கைக் காணவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதெல்லாம் பழங்கதை என்று யாரும் எழுந்து போக முடியாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நடைமுறைகள் இருப்பதை ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டமே இரண்டு. சில இடங்களில் ஒரே தோட்டத்தின் நடுவில் சுவர். பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேர் பாதம் கழுவப்படும் அதே பங்கில், செத்த பிறகு காலை நீட்ட இடம் வேறு வேறு.

பங்குப் பேரவைகளிலும் சபைக் கமிட்டிகளிலும் இருக்கிற பெரியவர்கள் இந்த அரங்கில் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். மனத்தாழ்மை பற்றி இன்னொரு பிரசங்கம் உங்களுக்குத் தேவையில்லை; அதைக் கேட்டு நாம் எல்லாரும் நன்றாகவே தலையாட்டுவோம். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: கல்லறைத் தோட்டத்தில் குழி ஒதுக்குவது இறந்த தேதி வரிசைப்படி மட்டுமே இருக்கும், குடும்பமோ சாதியோ நன்கொடைத் தொகையோ பார்க்கப்படாது, இடையில் சுவர் இருந்தால் அது எடுக்கப்படும். அந்தத் தீர்மானத்துக்கு எதிராக யார் எழுந்து பேசுகிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டு நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். உங்கள் பங்கில் தீர்மானம் நிறைவேறினால் ஒரு அஞ்சலட்டையாவது எனக்கு எழுதுங்கள்.